வானில் ஓர் அமானிதம்: போயிங் 737 மேக்ஸ் விபத்துகளும் வணிகப் போட்டியும்

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரும் நீதிபதியுமான இமாம் அல்-மாவர்தீ (ரஹ்) ஹிஜ்ரி 450ஆம் ஆண்டில் (கி.பி. 1058) மறைந்தார். ஆட்சியியல் குறித்து அவர் எழுதிய 'அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யா' என்னும் நூலின் இறுதி இயல் 'ஹிஸ்பா' பற்றியது. சந்தையையும் பொது ஒழுங்கையும் கண்காணிக்கும் 'முஹ்தஸிப்' என்ற அலுவலரின் கடமைகளை வரிசைப்படுத்தும் அவ்வியலில், கப்பல் உரிமையாளர்களைப் பற்றியும் இமாமவர்கள் பேசுகிறார்கள். கலம் தாங்காத அளவுக்குச் சுமை ஏற்றப்பட்டு, அது மூழ்கிவிடக்கூடும் என்ற அச்சம் எழுமாயின் அதனைத் தடுக்க முஹ்தஸிபுக்கு அதிகாரம் உண்டு. காற்று கடுமையாக வீசும்போது கலம் செலுத்துவதையும் அவர் தடுக்கலாம்.

இச்சிறு குறிப்பினுள் ஆழ்ந்த மனித அனுபவம் ஒன்று அடங்கியுள்ளது. கப்பல் உரிமையாளர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கும் கடல் தெரியும், காற்றும் தெரியும். ஆயினும் ஒருநாள் காத்திருந்தால் ஒருநாள் வருவாய் போகும். போட்டியாளரின் கலம் முன்னதாகத் துறைமுகத்தை அடைந்துவிடும். இவ்விரு நினைவுகளும் சேரும்போது, கடுங்காற்றும் அவருக்கு இளங்காற்றாகத் தோன்றத் தொடங்கும். எனவேதான் 'இன்று புறப்படாதே' என்று சொல்லும் அதிகாரம் வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வேறொருவர் தமது பணிக்கான ஊதியத்தைப் பைத்துல் மாலிலிருந்து பெறலாம் என்பதையும் அதே இயல் குறிப்பிடுகிறது. தடுப்பவரின் உணவு தடுக்கப்படுபவரின் கையில் இருக்கலாகாது என்பதே இவ்விரு விதிகளையும் இணைத்து நோக்கும்போது நாம் பெறும் தெளிவு.

இந்தத் தெளிவு கைவிடப்பட்டால் என்ன நேரும் என்பதை நம் காலத்திலேயே உலகம் கண்டது. ஐந்து மாதங்களுக்குள் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு புத்தம் புதிய விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டனர். அவ்விபத்துகளின் வேர் வானில் இல்லை. நிறுவனத்தின் கூட்ட அறைகளிலும், ஒப்பந்தங்களிலும், கண்காணிப்போரின் தயக்கத்திலும் இருந்தது. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இரு விபத்துகள்

2018 அக்டோபர் 29ஆம் நாள் காலை, இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரிலிருந்து பங்க்கல் பினாங் என்னும் ஊருக்குப் புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் 610ஆம் எண் விமானம், ஏறத்தாழ 13 நிமிடங்களில் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 189 பேரும் உயிரிழந்தனர். தலைமை விமானி ஓர் இந்தியர். விமானமோ சேவைக்கு வந்து மூன்று மாதங்கள்கூட நிறையாத போயிங் 737 மேக்ஸ் 8.

அந்தப் பதின்மூன்று நிமிடங்களில் நடந்தது இதுதான்: விமானத்தின் மூக்குப் பகுதியை ஏதோவொன்று கீழ்நோக்கி அழுத்தியது. விமானி அதனை மேலே உயர்த்தினார். சில நொடிகளில் அது மீண்டும் அழுத்தியது. இவ்வாறு இருபது முறைக்கும் மேலாக நிகழ்ந்தது. எதனோடு போராடுகிறோம் என்பது அவ்விமானிகளுக்குத் தெரியாது. ஏனெனில், அப்படியொரு இயக்கம் விமானத்தில் பொருத்தப்பட்டிருப்பதாக அவர்களுக்கு வழங்கப்பட்ட கையேடு சொல்லவில்லை.

2019 மார்ச் 10ஆம் நாள், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302ஆம் எண் விமானம், ஆறே நிமிடங்களில் தரையில் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 157 பேர் உயிரிழந்தனர். இதுவும் 737 மேக்ஸ் 8 வகையே. முதல் விபத்துக்குப் பின் போயிங் அனுப்பிய அறிவுரைப்படி, இந்த விமானிகள் வாற்சிறகை இயக்கும் மின்விசையைத் துண்டித்தனர். ஆனால் விமானம் பேரளவு வேகத்தில் சென்றுகொண்டிருந்ததால், கையால் சுழற்ற வேண்டிய சக்கரம் அசையவில்லை. வேறு வழியின்றி மின்விசை மீண்டும் இணைக்கப்பட்டது. உடனே அந்த இயக்கமும் மீண்டும் உயிர்பெற்றது.

மறுநாள் சீனா இவ்வகை விமானங்களை நிறுத்தியது. அடுத்தடுத்த நாள்களில் பல நாடுகள் அதனைப் பின்பற்றின. விமானத்தை உருவாக்கிய நாடான அமெரிக்கா மார்ச் 13ஆம் நாள்தான் இணங்கியது. அதன்பின் இருபது மாதங்கள் அவ்விமானங்கள் தரையிலேயே நின்றன.

போட்டியின் நெருக்கடி

போயிங் 737 முதன்முதலாக வானில் பறந்தது 1967ஆம் ஆண்டில். சிறிய விமான நிலையங்களில் உயர்ந்த கருவிகளின் உதவியின்றிப் பொதிகளை ஏற்றி இறக்க ஏதுவாக, அது தரைக்கு மிக அருகில் அமையுமாறு வடிவமைக்கப்பட்டது. அன்றைய மெலிந்த இயந்திரங்களுக்கு அந்த உயரம் போதுமானது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1987இல் பறக்கத் தொடங்கிய ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ320 விமானமோ உயர்ந்த கால்களைக் கொண்டது.

இந்த வேறுபாடு நெடுங்காலம் பொருட்படுத்தத்தக்கதாக இருக்கவில்லை. 2010 டிசம்பரில் ஏர்பஸ், எரிபொருளைப் பெரிதும் மிச்சப்படுத்தும் புதிய இயந்திரங்களுடன் 'ஏ320 நியோ'வை அறிவித்தபோது நிலைமை மாறியது. புதிய இயந்திரங்கள் எரிபொருளைச் சேமிப்பதற்குக் காரணம் அவற்றின் முன்விசிறியின் பெரிய விட்டமே. ஏர்பஸுக்கு அவற்றைத் தாங்கும் உயரம் இருந்தது. போயிங்குக்கு இல்லை.

போயிங் அப்போது முற்றிலும் புதியதொரு விமானத்தை வடிவமைக்கலாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பல ஆண்டுகளும் பெருஞ்செல்வமும் தேவை. 2011 ஜூலையில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஏர்பஸிடம் 260 விமானங்களுக்கு ஆணை வழங்குவதாக அறிவித்தது. நீண்ட காலம் போயிங்கின் நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளராக இருந்த நிறுவனம் அது. அடுத்த மாதமே போயிங்கின் இயக்குநர் குழு, பழைய 737க்கே புதிய இயந்திரம் பொருத்தும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 'மேக்ஸ்' இவ்வாறே பிறந்தது.

61 அங்குல விசிறிக்கு மாற்றாக 69 அங்குல விசிறி கொண்ட இயந்திரத்தைத் தாழ்ந்த இறக்கையின் கீழ் பொருத்த இடமில்லை. எனவே இயந்திரம் முன்னே தள்ளி, சற்று உயர்த்திப் பொருத்தப்பட்டது. இதன் விளைவாக, விமானம் செங்குத்தாக மேலெழும் சில நிலைகளில் அதன் மூக்கு, விமானி எதிர்பார்ப்பதைவிட எளிதாக மேலே தூக்கிக்கொள்ளும் இயல்பு ஏற்பட்டது. இதனைச் சரிசெய்வதற்காக உருவாக்கப்பட்டதே 'எம்காஸ்' என்னும் மென்பொருள். மூக்கு மிகையாக உயர்வதாக உணர்ந்தால், விமானியைக் கேளாமலேயே வாலின் கிடைச்சிறகைத் திருப்பி மூக்கைத் தாழ்த்துவது அதன் பணி.

மறைக்கப்பட்டது யாது?

எதிர்வரும் காற்றோட்டத்துக்கும் இறக்கைக்கும் இடையேயுள்ள கோணத்தை அளக்கும் உணர்கருவிகள் இரண்டு அவ்விமானத்தில் இருந்தன. எம்காஸ் ஒரு பயணத்தில் அவற்றுள் ஒன்றன் சொல்லை மட்டுமே கேட்டது. அந்த ஒன்று தவறாகச் சொன்னால் மற்றொன்றைக் கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. ஒரு வழக்கில் இரு சாட்சிகளை வேண்டும் மரபில் வந்த நமக்கு, நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒரே சாட்சியின் சொல்லில் விடப்பட்டது பெரும் வியப்பளிக்கிறது.

முதலில் எம்காஸ் எளிய ஆற்றலுடன்தான் திட்டமிடப்பட்டது. வாற்சிறகை 0.6 பாகை மட்டும் திருப்பும் உரிமை அதற்கு இருந்தது. சோதனைப் பறத்தல்களுக்குப் பின், குறைந்த வேகத்திலும் அது இயங்க வேண்டும் என முடிவாகி, அந்த உரிமை 2.5 பாகையாக உயர்த்தப்பட்டது. நான்கு மடங்குக்கும் மேலான இந்த மாற்றம், மதிப்பீடு செய்ய வேண்டிய அரசு வல்லுநர்களின் கவனத்துக்கு முழுமையாகக் கொண்டுவரப்படவில்லை. மாறாக, எம்காஸ் பற்றிய குறிப்பை விமானிகளின் கையேட்டிலிருந்தே விட்டுவிட அனுமதி பெறப்பட்டது.

இவ்வாறு மறைக்க வேண்டிய தேவை என்ன? இங்கும் வணிகமே விடை தருகிறது. ஒரு புதிய விமானத்தை ஓட்ட விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவையென்றால், விமான நிறுவனங்களுக்கு அது பெருஞ்செலவு. பழைய 737ஐ ஓட்டியவர், கணினியில் சில மணிநேரப் பாடம் படித்துவிட்டு மேக்ஸை ஓட்டலாம் என்பதே போயிங்கின் விற்பனை உறுதிமொழி. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸுடன் செய்த ஒப்பந்தத்தில், சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானால் விமானம் ஒன்றுக்கு 10 இலட்சம் டாலர் தள்ளுபடி தருவதாகவே போயிங் ஏற்றிருந்தது. புதிய இயக்கம் ஒன்று இருப்பதாகக் கையேட்டில் விரிவாக எழுதினால், அதற்குப் பயிற்சி வேண்டாமா என்ற கேள்வி எழும். கேள்வி எழாதிருக்க, எழுத்து நீங்கியது.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. 2017இல் லயன் ஏர் நிறுவனமே தன் விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவையோ என வினவியது. அது தேவையில்லை என்று போயிங் தரப்பு வலியுறுத்திக் கைவிடச் செய்தது. அவ்வாறு கேட்டமைக்காக அந்நிறுவனத்தைப் போயிங் ஊழியர் ஒருவர் அறிவிலிகள் என ஏளனம் செய்த உட்செய்திகள் 2020 ஜனவரியில் வெளிவந்தன. கேட்டது சரியான கேள்வி, கேட்டவர்கள் இகழப்பட்டார்கள், மறுஆண்டு அவர்களுடைய விமானமே கடலில் வீழ்ந்தது.

தடுக்க வேண்டியவர் எங்கே?

அமெரிக்காவில் விமானங்களின் பாதுகாப்புக்குச் சான்றளிக்கும் பொறுப்பு, கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துடையது. ஆயின் நவீன விமானத்தின் இலட்சக்கணக்கான உறுப்புகளையும் ஆய்ந்தறியும் ஆள்வலிமை அதற்கில்லை. ஆகவே உற்பத்தி நிறுவனத்தின் பொறியாளர்களையே தன் பிரதிநிதிகளாக ஏற்கும் வழக்கம் நெடுநாளாக இருந்துவந்தது. 2005இல் இயற்றப்பட்ட புதிய விதி இதனை மேலும் விரிவாக்கியது. அரசு தனித்தனியே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு மாற்றாக, நிறுவனமே தன் பிரிவு ஒன்றினுள் அவர்களைத் தேர்ந்து நிர்வகிக்கும் முறை வந்தது. போயிங்குக்கு 2009இல் இத்தகுதி கிடைத்தது.

அரசின் சார்பில் கையொப்பமிடுபவர் நிறுவனத்திடம் ஊதியம் பெறுபவர். அவருடைய பதவி உயர்வும் நிறுவனத்தின் கையில். 2016இல் இப்பிரதிநிதிகளிடையே போயிங் நடத்திய உட்கருத்தாய்வில், விடையளித்தோரில் 39 விழுக்காட்டினர் தம்மீது தகாத அழுத்தம் இருப்பதாக உணர்ந்தனர். அதனை முறையிட்டால் என்ன விளையுமோ என 29 விழுக்காட்டினர் அஞ்சினர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இதனை ஆவணப்படுத்தியுள்ளது. இவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நாம் கூறவில்லை. நேர்மையாளரும் அஞ்ச வேண்டிய இடத்தில் அவர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர் என்பதே கருத்து.

முதல் விபத்துக்குப் பின்னும் காப்பாற்றும் வாய்ப்பு ஒன்று இருந்தது. எம்காஸ் திருத்தப்படாவிட்டால், அவ்வகை விமானங்களின் வாழ்நாளில் மேலும் ஏறத்தாழ 15 விபத்துகள் நேரக்கூடும் என நிர்வாகத்தின் வல்லுநர்களே 2018 டிசம்பரில் கணக்கிட்டனர். அந்தக் கணக்கு கையிலிருந்தும், திருத்தம் வரும்வரை விமானங்களை நிறுத்த எவரும் ஆணையிடவில்லை. காற்று கடுமையென்று அறிந்த பின்னும் கலங்கள் புறப்பட்டுக்கொண்டேயிருந்தன. அவற்றுள் ஒன்று அடிஸ் அபாபாவிலிருந்து புறப்பட்டது.

மாறிய பண்பாடு

ஒரு நிறுவனத்தின் பண்பாடு என்பது அதன் சுவரில் தொங்கும் வாசகமன்று. எவருடைய சொல் கேட்கப்படுகிறது, எவருடைய சொல் புறந்தள்ளப்படுகிறது என்பதே பண்பாடு. நெடுங்காலம் போயிங் பொறியாளர்களின் நிறுவனமாக அறியப்பட்டிருந்தது. 1997இல் அது மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. வாங்கியது போயிங் என்றாலும், செலவுக் குறைப்பையும் பங்கு விலையையும் முதன்மையாகக் கருதிய மெக்டானல் தலைமையின் போக்கே ஒன்றிணைந்த நிறுவனத்தில் மேலோங்கியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 2000இல் பொறியாளர்கள் நாற்பது நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2001இல் தலைமையகம் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாறியது. முடிவெடுப்போருக்கும் விமானம் கட்டுவோருக்கும் இடையே ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தொலைவு ஏற்பட்டது. 2013 முதல் மேக்ஸ் நெருக்கடி முற்றிய 2019 வரை, தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்காக மட்டும் போயிங் 4,000 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவிட்டது.

ரென்டன் நகரில் மேக்ஸ் கட்டப்படும் ஆலையின் மூத்த மேலாளர் ஒருவர், பணியாளர்கள் களைத்துப்போயுள்ளனர், பிழைகள் பெருகுகின்றன, உற்பத்தியை நிறுத்தி ஒழுங்குபடுத்துங்கள் என 2018 ஜூனில், அதாவது முதல் விபத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன், எழுத்தில் எச்சரித்தார். படைத்துறையில் பணியாற்றியவர் அவர். இதைவிடச் சிறிய காரணங்களுக்காகப் படையில் பணிகளை நிறுத்தியதுண்டு என்று அவர் சுட்டியபோது, படை ஒன்றும் இலாபம் ஈட்டும் நிறுவனமன்று என்ற பொருள்பட விடை கிடைத்ததாக 2019 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியளித்தார்.

மெக்டானல் டக்ளஸின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1970களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் டிசி-10 விமானமும் லாக்ஹீடின் டிரைஸ்டார் விமானமும் ஒரே சந்தைக்காகக் கடும் போட்டியில் இருந்தன. 1972 ஜூன் 12இல் பறந்துகொண்டிருந்த டிசி-10 ஒன்றின் சரக்கறைக் கதவு திறந்துகொண்டது. விமானியின் திறமையால் அனைவரும் தப்பினர். உடற்பகுதியைக் கட்டிய துணை நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட், இக்கதவு மீண்டும் திறந்து ஒரு விமானம் அழிவது உறுதி என உடனே எழுதினார். எனினும் சட்ட வலுவுள்ள ஆணை பிறக்கவில்லை. நிர்வாகத்தின் தலைவரும் நிறுவனத்தின் தலைவரும் தமக்குள் செய்துகொண்ட நல்லெண்ண உடன்பாடே போதுமெனக் கருதப்பட்டது. 1974 மார்ச் 3ஆம் நாள், பாரிஸிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10 விமானத்தில் அதே கதவு திறந்தது. விமானம் எர்மெனோன்வில் காட்டில் வீழ்ந்தது. கதவு திருத்தப்பட்டுவிட்டதாக ஆவணங்களில் முத்திரை இருந்தது. விமானத்தில் திருத்தம் முழுமையாகச் செய்யப்பட்டிருக்கவில்லை. மாண்டோர் 346 பேர். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மேக்ஸ் விபத்துகளில் இறந்தோரின் தொகையும் அதுவே. எண்கள் ஒத்திருப்பது தற்செயல். காரணங்கள் ஒத்திருப்பது தற்செயலன்று.

பழி யார் மீது?

விபத்துகளுக்குப் பின் ஒரு குரல் பரவலாக எழுந்தது. இந்தோனேசிய, எத்தியோப்பிய விமானிகளின் பயிற்சிக் குறைவே காரணம், அமெரிக்காவில் பயின்ற விமானியாயின் சமாளித்திருப்பார் என்ற அக்குரல் அமெரிக்க நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. 2007 முதல் 2018 வரை இந்தோனேசிய விமான நிறுவனங்கள் ஐரோப்பிய வான்வெளியில் தடையையும் கட்டுப்பாட்டையும் சந்தித்துவந்த வரலாறு, இந்த ஐயத்தை ஏற்கெனவே விதைத்திருந்தது.

நீதியுடன் பேசுவதாயின் இரு பக்கமும் நோக்க வேண்டும். இந்தோனேசிய விசாரணை ஆணையம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இறுதியறிக்கை விபத்துக்கு ஒன்பது காரணிகளைக் கூறுகிறது. அவற்றுள் பராமரிப்புக் குறைகளும் அடங்கும். அதே விமானம் முந்தைய இரவு தென்பசாரிலிருந்து வந்தபோதும் அதே கோளாறு ஏற்பட்டது. பயணியாக விமானியறையில் அமர்ந்திருந்த மூன்றாவது விமானியும் உடனிருக்க, மின்விசையைத் துண்டித்து அன்று பாதுகாப்பாக இறக்கினர். ஆனால் நிகழ்ந்தவை முழுமையாகப் பதிவேட்டில் எழுதப்படவில்லை. மறுநாள் காலை அதே விமானம் மீண்டும் புறப்பட்டது. ஆக, அமானிதத்தில் குறைவைப்பது ஒரு நாட்டுக்கோ ஒரு சமயத்தாருக்கோ உரியதன்று. எனினும், ஒரே உணர்கருவியை நம்பிய மென்பொருளை உருவாக்கியது ஜகார்த்தாவோ அடிஸ் அபாபாவோ அன்று.

நம்மிடையே இன்னொரு பேச்சும் உண்டு: எல்லாம் களா கத்ர் அன்றோ? உயிரிழந்தோரின் குடும்பத்தாருக்கு அது ஆறுதல். அந்த ஆறுதலை எவரும் பறிக்கலாகாது. ஆனால் தவறிழைத்தோர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள மார்க்கம் இடந்தரவில்லை. எண்ணமின்றித் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் மீதும் தியாவையும் கஃப்பாராவையும் கடமையாக்கியுள்ளது திருமறை. விதியை நம்புவதும் பொறுப்பை ஏற்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

அமெரிக்கச் சட்டம் அப்பொறுப்பை எவ்வாறு நிறுவியது? 2021 ஜனவரியில் 250 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதில் 177 கோடி விமான நிறுவனங்களின் இழப்பீட்டுக்கு, 50 கோடி உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு, எஞ்சியது அபராதம். 2019 டிசம்பரில் நீக்கப்பட்ட தலைமை நிர்வாகி 6 கோடி டாலருக்கும் மேற்பட்ட பயன்களுடன் வெளியேறினார். 2024இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்த உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 மே மாதத்தில் அரசு புதிய உடன்பாட்டுக்கு வந்து, அவ்வாண்டு நவம்பரில் வழக்கே முடித்துவைக்கப்பட்டது. உயர் தலைமையில் இருந்த எவரும் சிறை செல்லவில்லை.

ஈரத் தானியம்

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சந்தையில் குவிக்கப்பட்டிருந்த தானியத்தினுள் நபிகளார் (ஸல்) அவர்கள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என விற்பவர் விளக்கினார். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய அண்ணலார் (ஸல்), ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

இங்குக் கவனிக்க வேண்டியவை இரண்டு. தானியம் நனைந்தது குற்றமாகக் கருதப்படவில்லை. ஈரத்தைக் கீழே மறைத்ததே குற்றமாயிற்று. பெரிய இயந்திரத்தைப் பழைய உடலில் பொருத்தியதும் தன்னளவில் குற்றமன்று. பொறியியல் என்பதே இருப்பதைக்கொண்டு இயன்றதைச் செய்யும் கலை. அதனால் விளைந்த குறையையும், அதற்கு இட்ட மருந்தையும் கையேட்டின் மேற்பரப்பில் வைக்காதது குற்றம். இரண்டாவது, நபிகளார் (ஸல்) குவியலின் தோற்றத்தை வைத்து முடிவுசெய்யவில்லை. கையை உள்ளே நுழைத்துப் பார்த்தார்கள். கண்காணிப்பு என்பது அதுவே. விற்பவர் எழுதித் தரும் சான்றை வாங்கி வைத்துக்கொள்வது கண்காணிப்பாகாது.

போட்டியை இஸ்லாம் வெறுக்கவில்லை. நபிகளார் (ஸல்) அவர்களே வணிகராக வாழ்ந்தவர்கள். விமான நிறுவனங்களின் போட்டியால் கட்டணம் குறைந்து, வளைகுடாவில் உழைக்கும் நம் மக்கள் ஆண்டுக்கொரு முறையேனும் ஊர் திரும்ப முடிகிறது என்பதும் மறுக்கவியலாதது. விலையிலும் சேவையிலும் போட்டியிடுவது ஆகுமானது. வாங்குபவரால் கண்டறிய முடியாத ஒன்றில் சிக்கனம் பிடித்துப் போட்டியிடுவது ஆகாது. பயணச்சீட்டு வாங்குபவர் விலையை ஒப்பிட்டறிவார்; எம்காஸை எவ்வாறு ஒப்பிட்டறிவார்?

திருந்தியதும் திருந்தாததும்

மேக்ஸ் விமானம் திருத்தப்பட்ட பின்னரே 2020 நவம்பரில் மீண்டும் அனுமதி பெற்றது. எம்காஸ் இப்போது இரு உணர்கருவிகளையும் ஒப்பிடுகிறது. அவை முரண்பட்டால் இயங்காது. திரும்பத் திரும்ப அழுத்தாது. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமாயிற்று. இந்தியாவிலும் வளைகுடாவிலும் இன்று இவ்விமானங்கள் பறக்கின்றன. அவற்றில் பயணிப்போர் அஞ்ச வேண்டும் என நாம் சொல்ல வரவில்லை. 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், நிறுவனப் பிரதிநிதிகள் மீதான அரசின் பிடியையும் ஓரளவு இறுக்கியது.

ஆயினும் 2024 ஜனவரி 5ஆம் நாள், அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9 விமானம் மேலெழுந்துகொண்டிருந்தபோது அதன் பக்கவாட்டுக் கதவடைப்பு பெயர்ந்து பறந்தது. 177 பேர் இறையருளால் உயிர் தப்பினர். அதனை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நான்கு திருகாணிகள் பொருத்தப்படவேயில்லை. ஆலையில் பழுது பார்ப்பதற்காக அந்த அடைப்பு திறக்கப்பட்டதற்கே பதிவு ஏதும் இல்லை. மென்பொருளைத் திருத்த இருபது மாதங்கள் போதுமாயின. பண்பாட்டைத் திருத்த அவை போதவில்லை.

அதே விமானத்துறையில் நற்சான்றும் ஒன்று உண்டு. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு விமானம் மலையில் மோதியது. தரையிறங்கும் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம். அதே தவற்றைச் சில வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானி செய்து, மயிரிழையில் தப்பித் தம் நிறுவனத்துக்குள் அறிவித்திருந்தார். அச்செய்தி பிறரை எட்டவில்லை. இதன்பின் 1976இல், விமானிகளும் பணியாளர்களும் தம் தவறுகளையும் கண்ட குறைகளையும் அறிவிக்க ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரமுள்ள நிர்வாகத்திடம் விடப்படாமல் நாசா விண்வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அறிவிப்பவரின் பெயர் காக்கப்படுகிறது. உண்மை சொல்வோர் அஞ்சாத ஓர் இடம் அமைந்தபோது உண்மை வந்து குவிந்தது. விமானப் பயணம் இன்று இத்துணைப் பாதுகாப்பாக இருப்பதற்கு இத்தகைய ஏற்பாடுகளும் காரணம்.

நிறைவாக, நமக்குரியது ஒன்றைச் சிந்திப்போம். நம்மில் பலர் பொறியாளர்கள், மருத்துவர்கள், கணக்காய்வாளர்கள், கல்வி நிறுவனங்களையும் ஜமாஅத்துகளையும் நிர்வகிப்போர். நாளும் ஏதேனும் ஓர் ஆவணத்தில் கையொப்பமிடுகிறோம். கையொப்பம் என்பது ஷஹாதத். 'நான் கண்டேன், இது சரி' என்னும் சாட்சியம். பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக நபிகளார் (ஸல்) எண்ணியதை நாம் அறிவோம். செய்யப்படாத திருத்தத்துக்கு இடப்பட்ட முத்திரையும், பாராத ஒன்றுக்கு நாம் இடும் கையொப்பமும் ஓரினமே. நம் நிறுவனங்களின் கணக்கைச் சரிபார்ப்பவர் நம் தயவில் வாழ்பவரா, குறை சொன்ன ஊழியர் அடுத்த ஆண்டும் நம்மிடம் பணியில் இருக்கிறாரா என்ற இரு வினாக்களை நாம் நம்மை நோக்கியே தொடுக்க வேண்டும்.

காற்றின் கடுமையைக் கலத்தின் உரிமையாளரிடம் மட்டும் கேட்டறிவது போதாது என்பதை இமாம் மாவர்தீ (ரஹ்) ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிச் சென்றார்கள். கரையில் நின்று அதனைச் சொல்பவருக்கு அறிவும் அதிகாரமும் அச்சமற்ற ஊதியமும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், அதற்குரிய விலையைச் செலுத்துவோர் கலத்தில் ஏறிய பயணிகளே.